தீவின் இடப்பக்கம்

பழிவாங்குவதற்கு இடம் பார்க்கிற வேலையை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டுமென்றால் கரைக்காரியிடம்தான் ஒப்படைக்க வேண்டும். இடம் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு.

சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஒன்றில் மேசைகள், இன்னொன்றில் படகுத் துடுப்புகளும், காயாத லைஃப் ஜாக்கெட்டுகளின் வாடையும். குடும்பம் குடும்பமாக ஆட்களைத் துடுப்புப் படகில் ஏற்றி, ஆற்றிலும் ஏரியிலும் விடுமுறையைக் கழிக்க வைக்கிற கம்பெனி அது. எந்த ஆற்றில், எந்தப் பகுதியில், எந்த மாதிரிக் குடும்பத்தை விடலாம் என்று முடிவு செய்கிறவள் இவள். முதலில் இவள் போய்ப் பார்ப்பாள். நிழல் எங்கே, கழிப்பறை எங்கே, மூன்று வயதுக் குழந்தை எந்த மணல்திட்டில் காலை நனைக்கலாம், நீச்சல் தெரியாத பெரியப்பாவை எந்தப் படகில் நடுவில் உட்கார வைக்கலாம் என்பதுவரை எழுதிக்கொண்டு வருவாள். இப்படி ஏழு வருடம், ஏழு நோட்டு.

அவள் பார்க்கிற விதமே தனி. எல்லோரும் படகு ஏறுகிற இடத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். இவள் இறங்குகிற இடத்திலிருந்து ஆரம்பித்து, கரையோரமாக நீரோட்டத்துக்கு எதிரே நடந்தே போவாள். கேட்டால், "ஏற எங்க வேணா ஏறிக்கலாம். கடைசி அரைமணி நேரம்தான் குழந்தைங்க பசிச்சு, நனைஞ்சு, நைநைன்னு அழும். இறங்குற இடம் சரியில்லைன்னா லீவே நாசம். அதான் அங்கிருந்து பார்க்கிறேன்" என்பாள். கரையிலேயே நடந்ததால் ஆபீசில் கரைக்காரி என்று பெயர் வந்தது. அவளுக்கு அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

போன வருடக் கடைசியில் அப்படி ஒரு கரையில் பாசி வழுக்கிக் கணுக்கால் எலும்பு முறிந்தது. இரண்டு மாதம் வீட்டில் கட்டோடு கிடந்தாள். அந்த இரண்டு மாதமும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து அவள் வேலையை "பார்த்துக்கொண்டவர்" அவளுடைய அத்தான். அக்காவின் வீட்டுக்காரர். அக்கா கெஞ்சினாள் என்று, முதலாளியம்மாவிடம் பேசி அவருக்கு விளம்பரப் பிரிவில் வேலை வாங்கிக் கொடுத்ததே இவள்தான். நாலு பேர் கூடினால் எழுந்து நின்று பேசாமல் இருக்க முடியாது அவரால். ஆபீசில் அவருக்கு மைக் என்று பெயர். தண்ணீர் என்றால் மட்டும் ஆகாது. படகில் காலை வைத்தால் தலை சுற்றும்.

கட்டுப் பிரித்துவிட்டு வேலைக்கு வந்த அன்று, அவள் மேசைமேல் ஒரு புத்தகம் இருந்தது. பளபளவென்று அட்டை. 'குடும்பத்தோடு துடுப்புப் பயணம்: பன்னிரண்டு நீர்வழிகள்'. அதன் கீழே அத்தானின் பெயர், தங்க நிற எழுத்தில்.

பிரித்துப் பார்த்தாள். அவள் வாக்கியங்கள். ஏழாவது வழியில் படித்துறையின் மூன்றாவது படி ஆடும் என்பதுகூட அப்படியே இருந்தது. முன்னுரையின் கடைசி வரியில் 'உதவிய அனைவருக்கும் நன்றி' என்று போட்டிருந்தது. ஏழு வருடம் வெயிலில் நடந்தவள் அந்த 'அனைவருக்கும்' என்பதற்குள் எங்கோ இருந்தாள். நோட்டுகள் இருந்த அலமாரியைத் திறந்தால் காலி.

"பழைய பேப்பர்னு நெனச்சு சுத்தம் பண்றப்ப போட்டுட்டாங்கபோல" என்றார் அத்தான், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

நேரே அக்காவிடம் போனாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது என் நோட்டு. உனக்கே தெரியும்."

"தெரியும்டி. அவர் வாழ்க்கையில முதல் தடவை ஒரு விஷயத்துல தலைநிமிர்ந்து நிக்கிறார். யார் பேரா இருந்தா என்ன, நம்ம வீட்டுக்குள்ளதானே இருக்கு? நீ முதலாளியம்மாகிட்ட போய் எதுவும் சொல்லிவைக்காதே. எனக்காக."

எனக்காக, எனக்காக என்றே சின்ன வயதிலிருந்து அக்கா எல்லாவற்றையும் வாங்கியிருக்கிறாள். இருந்தாலும் மறுநாள் இவள் முதலாளியம்மாவிடம் ஜாடையாகப் பேச்சை எடுத்துப் பார்த்தாள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உன் நோட்டுன்னா காட்டேன், பார்க்கலாம். அவர் தான் எழுதினதுன்னுதானே சொல்றார்" என்றார். எதைக் காட்டுவது? காலி அலமாரியையா? பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். அந்தப் புத்தகத்தில் தன் பெயர் வர வேண்டும், அவர் பெயர் போக வேண்டும், போவதை நாலு பேர் பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் புத்தகத்தை முதலிலிருந்து ஒழுங்காகப் படித்தாள். நாலாவது வழிக்கு வந்ததும் கை நின்றது. 'நாணல் தீவில் இடப்பக்கம் செல்லவும். அகலமான, நிழலான வழி' என்று இருந்தது.

அவள் நீரோட்டத்துக்கு எதிரே நடக்கிறவள் அல்லவா? அவளுக்கு இடக்கைப் பக்கம் இருப்பது, படகில் வருகிறவர்களுக்கு வலக்கைப் பக்கம். நோட்டில் தன் கண்ணுக்குத் தெரிந்தபடி எழுதுவாள். படகோட்டிகளுக்கு வாயால் சொல்லும்போது மனதுக்குள்ளேயே திருப்பிச் சொல்லிவிடுவாள். ஏழு வருடப் பழக்கம், யாரிடமும் விளக்கியதில்லை. ஆற்றில் ஒரு நாள் போய்ப் பார்த்திருந்தால்கூட அத்தானுக்குத் தெரிந்திருக்கும். அவர் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. பன்னிரண்டு வழிகளிலும் இடமெல்லாம் வலம், வலமெல்லாம் இடம்.

தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தாள். திருடிய ஆளுக்குத் திருடவும் துப்பில்லை.

ஒன்பதாவது வழிக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. அங்கே ஆறு இரண்டாகப் பிரியும். ஒரு கிளை தடுப்பணைக்குப் போகும். புத்தகத்தை நம்பிப் போனால் நேரே தடுப்பணை. படகோடு கீழே கவிழ வேண்டியதுதான். உடனே போய்ச் சொல்ல வேண்டும் என்று எழுந்தாள். பிறகு உட்கார்ந்தாள். புத்தகமெல்லாம் இன்னும் பெட்டியில், லைஃப் ஜாக்கெட் அறையில்தானே இருக்கிறது? மூன்று வாரம் கழித்துத்தான் வெளியீடு. அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம். இப்போதே சொன்னால் அவர் சத்தம் போடாமல் திருத்திக்கொண்டு, அட்டையில் அதே தங்க எழுத்தோடு உட்கார்ந்திருப்பார். சொல்லவில்லை.

மூன்றாம் நாள், கூப்பிடாமலேயே காரியம் தேடி வந்தது. அத்தான் டீயோடு வந்து அவள் மேசை ஓரத்தில் உட்கார்ந்தார்.

"வெளியீட்டை ஆத்துலயே வச்சுக்கலாம்னு முதலாளியம்மா சொல்லிட்டாங்க. குடும்பத்தோட படகுல போய், நடுவுல ஒரு நல்ல இடத்துல புத்தகத்தைக் கொடுக்கிறோம். போட்டோகிராபர் வர்றார். பன்னிரண்டுல எது நல்லா இருக்கும்? நீயே ஒண்ணு சொல்லேன்."

"நீங்க எழுதின புத்தகம், அத்தான். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன. ரெண்டு மூணு மனசுல இருக்கு. உன் அபிப்ராயம் கேட்டேன்."

அவள் தொழில்முறைப்படி எல்லாவற்றையும் கேட்டாள். எத்தனை படகு, எத்தனை குழந்தைகள், கடைசிக் குழந்தைக்கு என்ன வயது. மூன்று பெரிய படகுகள் என்றார். முதல் படகில் அவரும் முதலாளியம்மாவும் அக்காவும், அக்காவின் ஐந்து வயதுப் பெண்ணும். இரண்டாவதில் ஒரு மருந்துக்கடைக்காரர் குடும்பம். மூன்றாவதில் போட்டோகிராபரோடு கரைக்காரி.

ஒன்பது என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடி போதும். அந்த எண் மனதில் வந்ததை அவள் மறுக்கவில்லை. வந்தது, தள்ளிவிட்டாள். அவள் நினைத்தது நாலை. நாணல் தீவின் தப்பான பக்கத்தில் ஓட்டம் கிடையாது, ஆழம் கிடையாது. முதலில் அல்லிப்பூவும் நிழலுமாக ஆசை காட்டும். போகப் போக முழங்கால் அளவு சேறு. உயிருக்கு ஒரு ஆபத்தும் இல்லை, மானத்துக்கு மட்டும்தான்.

"நாலு நல்லா இருக்கும், அத்தான். நாணல் தீவு. போட்டோவுக்கு அருமையான இடம்."

"அதேதான் நானும் நெனச்சேன்" என்றார் அத்தான்.

அடுத்த இரண்டரை வாரம் அவள் நன்றாகத் தூங்கினாள், நன்றாகச் சாப்பிட்டாள். வெளியீட்டுக்கு வருகிறவர்களுக்கான குறிப்பை அவளே தட்டச்சு செய்தாள். வெளிர் நிற உடை போட்டால் படம் நன்றாக வரும். காலுக்குச் சாதாரணச் செருப்பு போதும்.

அந்தக் காலை வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. அத்தான் வெள்ளைச் சட்டையில் முதல் படகின் முன்பக்கம் உட்கார்ந்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். துடுப்புப் போட்டது முதலாளியம்மாவும் அக்காவும். ஒரு மணி நேரத்தில் தீவு தெரிந்தது. அத்தான் புத்தகத்தைப் பிரித்து, பின்னால் வருகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார்.

"தீவில் இடப்பக்கம் செல்லவும். அகலமான, நிழலான வழி. குழந்தைகள் இங்கே பாடத் தொடங்குவார்கள்."

அந்தக் கடைசி வரியும் அவளுடையதுதான். ஒரு நாள் நிஜமாகவே கரையிலிருந்து அதைக் கேட்டுவிட்டு எழுதியது. அதை அவர் குரலில் கேட்டபோது, கொஞ்சம் இருந்த தயக்கமும் போய்விட்டது. போ, இன்னும் உள்ளே போ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே துடுப்பைப் போட்டாள்.

அல்லிப்பூக்களைப் பார்த்து எல்லோரும் ஆகா என்றார்கள். போட்டோகிராபர் படமெடுத்தார். அப்புறம் துடுப்பு தண்ணீரில் போகாமல் களியில் போயிற்று. அப்புறம் படகு நின்றது. பின்னால் வேகமாக வந்த மருந்துக்கடைக்காரரின் படகு முதல் படகை இடித்து, இரண்டும் சேர்ந்து சேற்றில் அழுந்தி உட்கார்ந்தன. கரைக்காரியின் படகு கொஞ்சம் பின்னாலேயே நின்றுகொண்டது.

"சின்ன விஷயம். நான் இறங்கித் தள்ளிடுறேன்" என்று அத்தான் காலை வைத்தார். முழங்கால் வரை போயிற்று. அந்தக் காலை எடுக்க இன்னொரு காலை வைத்தார். அதுவும் போயிற்று. வெள்ளைச் சட்டையோடு மெதுவாகப் பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது செருப்பு இரண்டும் இல்லை.

"எழுத்தாளர் சார், அடுத்த பக்கத்துல என்ன போட்டிருக்கு, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கரைக்காரிக்கு அந்தக் காட்சி தேனாக இனித்தது. அவர் கையை ஊன்றி எழுவதையும், மறுபடி உட்காருவதையும், சேறு காதில் வழிவதையும் ஒன்றுவிடாமல் பார்த்தாள். படகு விளிம்பில் காலைத் தொங்கவிட்டிருந்த அக்காவின் பெண், காலில் அட்டைப்பூச்சி ஒட்டிக்கொண்டு வீறிட்டு அழுதாள். அதையும் இவள் பார்த்தாள். பார்வை திரும்ப அத்தானிடமே போயிற்று.

முதலாளியம்மா படகிலேயே உட்கார்ந்தபடி கேட்டார். "நீங்க இந்த இடத்துக்கு இதுக்கு முன்னாடி வந்திருக்கீங்களா?"

அத்தான் முகத்துச் சேற்றைத் துடைத்தார். "நேரா வரலைம்மா. குறிப்பெல்லாம் இவளோடது. எல்லாமே இவ எழுதினதுதான். தப்பா எழுதியிருக்கா. நான் நம்பிட்டேன்."

ஆக, பெயர் வந்துவிட்டது. பழியோடு சேர்த்து, சேற்றில் நின்று, எல்லோருக்கும் முன்னால் அவர் வாயாலேயே வந்துவிட்டது. இதற்காகத்தானே காத்திருந்தாள்.

"என்னோடதுதான்" என்றாள் கரைக்காரி. "தப்பில்லை. நான் கீழேருந்து மேலே நடந்து பார்க்கிறவ. எனக்கு இடம்னா படகுக்கு வலம். பன்னிரண்டு வழியிலயும் அப்படித்தான் இருக்கும். எழுதினவளுக்குத் தெரியும். திருடினவருக்கு எப்படித் தெரியும்?"

முதலாளியம்மா சேறு தெறித்த புத்தகத்தை வாங்கி நடுவில் பிரித்தார். "பதினொன்னு. சொல்லு, பார்க்கலாம்."

"இறங்குற இடத்துல கம்பி வேலி. வேலிக்கு நடுவுல ஒரு ஆள் போற சந்து. எதிர்ல தண்ணிக் குழாய், காலையில மட்டும் தண்ணி வரும். வழியில ஒரு பாலம், உயரமான ஆளுங்க தலையைக் குனிஞ்சுக்கணும்."

வரிக்கு வரி அப்படியே இருந்தது. அந்த அம்மாள் அத்தானை ஒரு பார்வை பார்த்தார். மைக் வாயைத் திறக்கவில்லை. மருந்துக்கடைக்காரர்கூடச் சிரிப்பதை நிறுத்திவிட்டார். கரைக்காரி நிமிர்ந்து நின்றாள். மூன்று வாரமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது போலிருந்தது.

முதலாளியம்மாவின் பார்வை அவள் முகத்திலிருந்து கீழே இறங்கிக் காலுக்குப் போயிற்று.

"எங்க எல்லாருக்கும் செருப்பு போதும்னு சொன்னது நீதானே? நீ மட்டும் ஏன் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டிருக்கே?"

அவள் குனிந்து பார்த்துக்கொண்டாள். படகுக்குள் சுருட்டி வைத்த நீளக் கயிறும், சேற்றில் போட்டு நடக்க நாலு பலகையும் இருந்தன. ஏழு வருடமாக ஒரு இடத்துக்கும் அவள் தயாரில்லாமல் போனதில்லை. காலையில் யோசிக்காமலேயே எல்லாவற்றையும் எடுத்துப் படகில் வைத்திருந்தாள்.

"எப்பவும் போடுவேன்" என்று சொன்னால் முடிந்தது. நம்பக்கூடிய பொய்தான். சொல்ல வாயெடுத்தாள். அப்போது அத்தான் அவளைப் பார்த்தார். இதெல்லாம் ஏதோ கெட்ட நேரம், தற்செயல் என்கிற மாதிரி ஒரு பார்வை. அதை அவளால் தாங்க முடியவில்லை. அடித்தது யார் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

"எனக்குத் தெரியும். மூணு வாரமா தெரியும். தெரிஞ்சுதான் இந்த இடத்தைச் சொன்னேன்."

முதலாளியம்மா புத்தகத்தை மறுபடி பிரித்து, ஒரு பக்கத்தில் நின்றார்.

"ஒன்பதுல தடுப்பணை இருக்கே. அதுவும் மாத்தித்தான் இருக்கா?"

"ஆமா. புத்தகம் எல்லாம் பெட்டியிலதானே இருக்குன்னு..."

"இருபது புத்தகம் போன வாரமே படகு வாடகைக் கடைகளுக்கு அனுப்பியாச்சு."

அந்த அம்மாள் படகிலிருந்தபடியே ஒவ்வொரு கடையாக போன் செய்தார். ஒன்பதாவது வழிக்குப் பக்கத்துக் கடைக்காரர், ஒரு குடும்பம் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு கடையிலேயே நிற்கிறது, இன்னும் படகு எடுக்கவில்லை என்றார். "கொடுக்காதீங்க, வாங்கி உள்ள வைங்க" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு போனை மடியில் வைத்தார்.

"புத்தகம் திருத்தி வரும். இவர் பேர் இருக்காது" என்றார். பிறகு, "உன் பேரும் இருக்காது. ஒரு அம்மா உன் பேரை நம்பித்தான் குழந்தையைப் படகுல உட்கார வைப்பா. மூணு வாரம் தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்திருக்கே. நாளையிலேருந்து இடம் பார்க்க நான் வேற ஆள் வச்சுக்கிறேன்."

அவள் அத்தானைப் பார்த்தாள். அவர் சேற்றுக்குள் கையை விட்டு ஒரு செருப்பைத் தேடி எடுத்து அலசிக்கொண்டிருந்தார். நாளைக்கே வேறு எங்காவது நாலு பேர் முன்னால் நின்று பேசுவார். அவருக்குப் போனது ஒரு அட்டையும் தங்க எழுத்தும்தான். இவளுக்குப் போனது ஏழு வருடம்.

"இப்ப எல்லாரையும் வெளிய கொண்டு போய்ச் சேத்துடு. உன்னை விட்டா வழி தெரிஞ்சவங்க இல்லை" என்றார் முதலாளியம்மா.

பலகைகளைப் போட்டாள். கயிற்றைக் கரையில் ஒரு மரத்தில் கட்டினாள். அக்காவின் பெண்ணுக்கு அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு முதுகில் ஏற்றிக்கொண்டாள். குழந்தை விசும்பிக்கொண்டே கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"சித்தி, அடுத்த தடவை நல்ல இடமா பாருங்க."

"சரிம்மா" என்றாள்.

முன்னால் அத்தான் பலகைமேல் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கடைசிப் பலகைக்கு வந்ததும் கால் வழுக்கி, இரண்டு கையையும் விரித்தபடி முகங்குப்புற விழுந்தார். மருந்துக்கடைக்காரர்கூடச் சிரிக்கவில்லை. கரைக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. முதுகில் குழந்தை அழுதுகொண்டிருக்க, அவள் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். அருகில் வந்து, குழந்தையை அவள் முதுகிலிருந்து பிரித்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, பலகையில் ஏறாமல் சேற்றிலேயே இறங்கி நடந்து போனாள்.